குழந்தையைத் தூக்கும்போது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் சுரீர் என்று வலிக்கிறது. தைலம் தேய்த்தும் போகவில்லை. சுளுக்கா, வேறு ஏதாவதா?

முதலில் அந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சுளுக்கு மாதிரி இல்லை. என் மகளுக்கு மூன்று மாதம் இருக்கும்போது எனக்கும் இதே இடத்தில் வந்தது. வாளியைத் தூக்க முடியாது, குக்கர் மூடியைத் திருக முடியாது. சுளுக்கு என்று நினைத்து ஒருவரிடம் போய் நீவிவிட்டு வந்தேன், மறுநாள் வீங்கிவிட்டது.

கட்டைவிரலை விரிக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு மாதிரியானவை) மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. பாவாடையில் நாடா கோக்கும் மடிப்பு தடித்துப்போனால் நாடா இழுபடாமல் சிக்கும் அல்லவா, இங்கேயும் அதுதான் நடக்கிறது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வெய்ன் 1895-ல் இதை விவரித்ததால் நோய்க்கும் அவர் பெயரே. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம் வரும்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். அந்த ஓரத்தில் சுள்ளென்று பிடித்தால் பெரும்பாலும் இதுதான். ஆனால் கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானத்திலும் வலி அங்கேயே வரும் என்பதால் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கண் திறந்தது பிசியோதெரபிஸ்டிடம்தான். ஒரு தலையணையைக் கொடுத்து, "குழந்தையை எப்படித் தூக்குவீங்க, காட்டுங்க" என்றார். அக்குளில் கைகொடுத்து, கட்டைவிரல்களை அகல விரித்துத் தூக்கினேன். குழந்தையின் பாரம் முழுக்க அந்த இரண்டு நாண்களில். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அப்படித் தூக்குகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்! அவர் மாற்றிக்கொடுத்தது இது: ஒரு கை பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை தலைக்கும் முதுகுக்கும் அடியில், உள்ளங்கை மேலே பார்க்க, கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி. குழந்தையை நெஞ்சோடு அணைத்த பிறகுதான் நிமிர வேண்டும். பால் கொடுக்கும்போதும் தலையை உள்ளங்கையில் ஏந்தாமல் முன்கையில் சாய்த்து, கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் (விறைப்பான தாங்குபட்டை) வாங்குங்கள். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டையை நான் முதலில் வாங்கி இரண்டு வாரம் வீணாக்கினேன். சரியானதை ஆறு வாரம் போட்டேன். துணி பிழிவது, தேங்காய் துருவுவது எல்லாம் அம்மா பார்த்துக்கொண்டார். வீட்டில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். படுத்துக்கொண்டு ஒரு கையில் போன் பிடித்துக் கட்டைவிரலால் தள்ளுவதையும் விடுங்கள்.

அப்படியும் எனக்கு முழுசாகப் போகவில்லை. உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போட்டார்கள். இரண்டு நாள் வலி கூடியது, அப்புறம் படிப்படியாக இறங்கி, இரண்டாவது வாரம் குழாயை வலியில்லாமல் திருகினேன். பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரையும் அவர் சொல்வதை மட்டும் போடுங்கள். சர்க்கரை இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் ஏறும். ஊசி போட்ட இடத்தில் தோல் சிலருக்கு வெளுக்கும். இதற்கும் கேட்காத சிலருக்கு, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்து உறையைக் கீறிவிடும் சின்ன அறுவை சிகிச்சை உண்டு.

கீழே விழுந்த பிறகு வந்த வலி என்றாலோ, சிவந்து காய்ச்சலும் சேர்ந்தாலோ ஸ்ப்ளின்ட் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.