கேள்வி – பதில்: நோட்புக்கில் நேரமும் நினைவகமும்

கேள்வி: பைத்தான் நிரலைச் செல் செல்லாக எழுதி ஓட்டும் ஜூப்பிட்டர் நோட்புக்கில், ஒரு பட்டியலை ‘சார்ட்’ மெத்தடால் வரிசைப்படுத்தும் வரியை ‘%டைம்’ கொண்டு அளந்தால் ஒரு நேரமும், ‘%டைம்இட்’ கொண்டு அளந்தால் அதைவிட மிகக் குறைந்த நேரமும் வருகின்றன. எதை நம்புவது? பெரிய அணியை ‘டெல்’ கட்டளையால் நீக்கிய பின்னும் நினைவகம் குறையாதது ஏன்?

பதில்: உங்கள் நிரலைப் பொறுத்தவரை, ‘%டைம்’ சொல்வதுதான் உண்மைக்கு நெருக்கமானது. ‘%டைம்இட்’ ஒரு வரியை எத்தனை முறை ஓட்டுவது என்பதைத் தானே முடிவுசெய்து, அதை 7 சுற்றுகளாகத் திரும்பச் செய்து சராசரியைத் தருகிறது. ஆனால் ‘சார்ட்’ அதே பட்டியலையே மாற்றிவிடுவதால், கலைந்த பட்டியல் கிடைப்பது முதல் ஓட்டத்துக்கு மட்டுமே. அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு ஏற்கெனவே வரிசையான பட்டியலே கிடைக்கிறது, அதைப் பைத்தானின் வரிசைப்படுத்தும் முறையான டிம்சார்ட் ஒருமுறை கடந்து பார்த்ததுமே வேலையை முடித்துவிடுகிறது. ஆகவே நீங்கள் பெரும்பாலும் அளந்தது, செய்ய வேண்டியிராத வேலையின் நேரத்தை. ‘%%டைம்இட் -என் 1’ (சுற்றுக்கு ஒரே ஓட்டம்) என்று எழுதி, அதே வரியில் பட்டியலை நகலெடுக்கும் கட்டளையையும், அடுத்த வரியில் ‘சார்ட்’டையும் வையுங்கள், முதல் வரி முன்னேற்பாடாகக் கருதப்பட்டு, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அளவையில் சேராமல் ஓடும்.

இரண்டு நிரல்களை ஒப்பிடும்போது சராசரியைவிடக் குறைந்தபட்ச நேரத்தையே நான் பார்ப்பேன். கணினியில் நடக்கும் பிற வேலைகள் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைப்பதில்லை. ‘%டைம்இட்’ ஓடும்போது குப்பை சேகரிப்பு (பயன்படாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் வேலை) நிறுத்தப்பட்டிருக்கும் என்பதும், ஏராளமான பொருள்களை உருவாக்கும் நிரல்களில் கவனிக்கத்தக்கது.

இனி நினைவகம். ‘டெல்’ நீக்குவது பெயரை மட்டுமே. 64 பிட் மெய்யெண்கள் 1 கோடி கொண்ட ஒரு நம்பை (பைத்தானின் எண்கணக்கு நூலகம்) அணி 8 கோடி பைட் பிடிக்கும். செல்லின் கடைசி வரியில் அதன் பெயரை எழுதித் திரையில் பார்த்திருந்தால், ‘அவுட்’ என்ற சேமிப்பும் ‘_’ என்ற மாறியும் அதை இன்னும் பற்றிக்கொண்டிருக்கும். ‘டெல்’லுக்குப் பதிலாக ‘%எக்ஸ்டெல்’, அல்லது ‘%ரீசெட் அவுட்’ இந்தப் பிடியை விடுவிக்கும். வரியின் இறுதியில் அரைப்புள்ளி இட்டிருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

நினைவகத்தை அளக்கும் ‘%மெம்இட்’ இயங்குதளத்தின் பார்வையில் மொத்தச் செயல்முறையின் நினைவக உச்சத்தைக் காட்டுவதால், முன்பு விடுவித்த இடத்தையே நிரல் மீண்டும் பயன்படுத்தும்போது கூடுதல் சுழி என்றுகூட வரலாம். எனவே ஒவ்வொரு அளவைக்கும் முன் கெர்னலை (நிரலைப் பின்னணியில் ஓட்டும் செயல்முறையை) மறுதொடக்கம் செய்யுங்கள். நினைவக ஒதுக்கீடுகளைப் பின்தொடரும், பைத்தான் 3.4 முதல் உள்ள ‘டிரேஸ்மாலாக்’ நுணுக்கமானது, ஆனால் நிரலை மெதுவாக்கும். அது ஓடும்போது நேரத்தை அளக்காதீர்கள்.