மின்மடல் படிவம் ஒட்டுவது எளிது; மடல் போய்ச் சேர என்ன செய்வது?

கேள்வி: ஆத்தங்குடியில் எங்களுக்குப் பூக்கல் (தரையில் பதிக்கும் பூ வடிவ ஓடு) பட்டறை. வேர்ட்பிரஸில் ஒரு தளம் இருக்கிறது. விலை கேட்டு எழுதிய 180 பேரின் முகவரிகளை ஜிமெயிலில் பிசிசி (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி) போட்டு, புது வடிவம் வரும்போதெல்லாம் அனுப்புகிறேன். பாதிப் பேர் வரவே இல்லை என்கிறார்கள். தளத்திலேயே அவர்களாகப் பதிந்துகொள்ள ஒரு படிவம் வைத்தால் சரியாகுமா? எப்படி வைப்பது?

பதில்: படிவம் வையுங்கள். ஆனால் 'வரவில்லை' என்ற குறை படிவத்தால் மட்டும் தீராது. ஒரே கடிதம், பல பேர், விலகிக்கொள்ள வழி இல்லை என்றால், பிடிக்காதவர் 'ஸ்பேம்' பொத்தானைத்தான் அழுத்துவார். நாலு பேர் அப்படிச் செய்தால் மற்றவர்களுக்குப் போகும் கடிதமும் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கும். ஆகவே மூன்று வேலை இருக்கிறது: முகவரி வாங்கும் படிவம், பட்டியலை வைத்து அனுப்பும் சேவை, 'இது என் டொமைனிலிருந்து (தளத்தின் இணையப் பெயரிலிருந்து) வரும் கடிதம்தான்' என்பதற்கான சான்று. பலர் முதல் வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

மணகோலம், சீப்புச் சீடை என்று செட்டிநாட்டுப் பலகாரம் விற்பவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், வாட்ஸ்ஆப்பே போதும் என்று சொல்லியிருப்போம். உங்கள் சரக்கு வேறு. கடைக்கால் போடும்போது வடிவம் பார்ப்பவர், பூச்சு வேலை முடிந்து தரை போடும்போதுதான் வாங்குவார். நடுவே பல மாதம். வாட்ஸ்ஆப் செய்தி ஒரு வாரத்தில் அடியில் போய்விடும். கட்டட வடிவமைப்பாளர்களோ மின்னஞ்சலை வீடுவாரியாக எடுத்து வைப்பவர்கள்.

சேவையைத் தேர்ந்தெடுப்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஸோகோ கேம்பெயின்ஸ், பிரெவோ, மெயிலர்லைட் மூன்றிலும் இந்த வேலை நடக்கும். பிரெவோவின் இலவசத் திட்டத்தில் நாளொன்றுக்கு 300 கடிதம் அனுப்பலாம். உங்கள் அளவுக்கு அது தாராளம். வேர்ட்பிரஸுக்குள்ளேயே பட்டியல் வைத்து உங்கள் ஹோஸ்டிங் (தளம் குடியிருக்கும் வாடகைக் கணினி) வழியாகவே அனுப்பும் பிளக்இன்களும் (துணை நிரல்கள்) உண்டு. அவை வேண்டாம். பகிர்வு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான தளங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதில் ஒருவர் குப்பை அனுப்பினால் பெயர் கெடுவது எல்லோருக்கும்தான். மணிக்கு இத்தனை கடிதம் என்ற வரம்பும் இருக்கும். அதைத் தாண்டியவை போகாமலேயே நின்றுவிடும்.

அடுத்தது டொமைன். அனுப்புநர் முகவரியில் ஜிமெயில் இருக்கக் கூடாது. வெளிச் சேவை ஒன்று ஜிமெயில் பெயரில் அனுப்பும் கடிதத்தைக் கூகுள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். உங்கள் தளத்தின் டொமைனிலேயே ஒரு முகவரி உண்டாக்குங்கள். சேவையின் 'டொமைன் சரிபார்ப்பு' பக்கம் சில வரிகளைத் தரும்; டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் (டொமைனுக்கான குறிப்பேடு) பக்கத்தில் அவற்றைச் சேர்க்க வேண்டும். டிகேஐஎம் என்பது கடிதத்தில் விழும் முத்திரை, இதுதான் முக்கியம். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் யார் யார் அனுப்பலாம் என்ற பட்டியல். டிமார்க் என்பது இவை பொருந்தாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற உத்தரவு. டிமார்க்கை முதலில் 'எதுவும் செய்யாதே' (p=none) என்ற நிலையில் வைத்துத் தொடங்குங்கள். நாளுக்கு 5,000 கடிதத்துக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு இவை மூன்றையும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கூகுள் 2024-இல் கட்டாயமாக்கியது. நீங்கள் அந்த அளவுக்கு அனுப்பப் போவதில்லை. இருந்தாலும் முத்திரை இல்லாத சின்னப் பட்டியலுக்கும் வரவேற்பு குறைவுதான்.

பிழை நடப்பது பெரும்பாலும் இந்த டிஎன்எஸ் பக்கத்தில்தான். எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். ஏற்கெனவே ஒன்று இருக்க இரண்டாவதைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதியதை நுழைக்க வேண்டும். டிகேஐஎம் வரியின் பெயரை முழுசாக ஒட்டினால், சில இடங்களில் டொமைன் பெயரை அந்தப் பக்கமே பின்னால் சேர்த்துக்கொள்ளும். பெயர் இரட்டித்துப்போகும், சரிபார்ப்பு 'தோல்வி' என்றே காட்டிக்கொண்டிருக்கும். கிளவுட்ஃபிளேர் என்ற இடைநிலைச் சேவை வழியாகப் போகும் டொமைன் என்றால், அந்த வரிக்கு நேரே உள்ள ஆரஞ்சு மேகத்தை அணைத்துவிடுங்கள்.

இனிப் படிவம். சேவையில் ஒரு பட்டியலும், அதற்கு ஒரு படிவமும் உண்டாக்குங்கள். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: மின்னஞ்சல் முகவரி. பெயர் வேண்டுமானால் கட்டாயமில்லாமல் கேட்கலாம். கைபேசி எண், ஊர், எத்தனை சதுர அடி என்று அடுக்கினால் வந்தவர் போய்விடுவார். 'இருமுறை ஒப்புதல்' என்ற அமைப்பை இயக்குங்கள். பதிந்தவருக்கு ஒரு கடிதம் போகும். அதில் உள்ள இணைப்பை அவர் அழுத்தினால்தான் பட்டியலில் சேருவார். எழுத்துப்பிழையான முகவரியும், பிறர் விளையாட்டாகப் போட்ட முகவரியும் இங்கேயே வடிகட்டப்படும். அந்தக் கடிதம் ஆங்கிலத்தில்தான் தயாராக இருக்கும். அதைத் தமிழில் மாற்றாமல் விட்டால், எங்கிருந்தோ வந்த கடிதம் என்று அழித்துவிடுவார்கள்.

படிவத்தின் நிரல்வரிகளைப் பிரதி எடுத்து, வேர்ட்பிரஸில் 'கஸ்டம் எச்டிஎம்எல்' பிளாக்கில் ஒட்டுங்கள். நிர்வாகி கணக்கில் நுழைந்து செய்யுங்கள். அதிகாரம் குறைந்த கணக்கென்றால் சேமிக்கும்போது ஸ்கிரிப்ட் வரிகளை வேர்ட்பிரஸ் சத்தமில்லாமல் நீக்கிவிடும். இடம்? ஒவ்வொரு வடிவத்தின் பக்கத்திலும், படங்களுக்குக் கீழே. கைபேசித் திரையை முழுதும் மறைத்துக்கொண்டு எழும் பாப்அப் வேண்டாம். அப்படிச் செய்யும் பக்கங்களைத் தேடலில் பின்தள்ளக்கூடும் என்று 2017 முதலே கூகுள் சொல்லிவருகிறது. முகவரி எழுதும் கட்டத்தில் எழுத்தின் அளவு 16 பிக்செலுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஐபோனில் தொட்டவுடன் பக்கம் பெரிதாகி, பொத்தான் திரைக்கு வெளியே ஓடிவிடும்.

பொத்தானில் 'சமர்ப்பி' என்று எழுதாதீர்கள், அது தாலுகா ஆபீஸ் வாசகம். 'புது வடிவம் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்' என்றால் வேலை முடிந்தது. மேலே ஒரே வரி போதும்: மாதம் ஒரு மடல், புதுப் பூக்கல் வடிவங்கள், கையில் மிச்சமுள்ள சரக்கு, எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கடைசியாகச் சொன்னது மரியாதைக்கு மட்டுமல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே சொல்கிறது: ஒப்புதல் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக இருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். விலை விசாரிக்கும் படிவத்தில் மடலுக்கும் ஒரு டிக் பெட்டி வைத்தால், அது டிக் இல்லாமலே இருக்கட்டும்.

படிவம் வைத்த மறுநாளே ரோபோக்கள் (தானாக இயங்கும் நிரல்கள்) வந்து முகவரிகளைக் கொட்டும். படிவத்தில், பதிபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் ரீகேப்ட்சா அல்லது டர்ன்ஸ்டைல் இயக்குங்கள். நிரல் ஒட்டாமல் பிளக்இன் வழியாகப் படிவம் வைத்திருந்தால் இன்னொரு தொல்லை உண்டு: முதல் நாள் வேலை செய்யும், பிறகு 'பிழை' காட்டும். காரணம் கேஷ் பிளக்இன், அதாவது பக்கத்தின் பிரதியைச் சேமித்துவைத்துக் காட்டும் பிளக்இன். படிவத்தோடு வேர்ட்பிரஸ் வைக்கும் ரகசியக் குறியீடு அதிகபட்சம் 24 மணி நேரம்தான் செல்லும்; கேஷ் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தால் குறியீடு காலாவதியாகிவிடும். கேஷ் ஆயுளை 10 மணி நேரமாகக் குறையுங்கள்.

தமிழில் எழுதுவோருக்குச் சீக்கிரமே வரும் சிக்கல் ஒன்று. ஒரு கடிதம் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் 'க' ஒன்றுக்கே 3 பைட், 'கை' என்றால் 6. சில எடிட்டர்கள் தமிழ் எழுத்தை எண்குறிகளாக மாற்றிவைக்கும், அப்போது 'க'வுக்கு 7 பைட். வெட்டுப்படுவது அடிப்பகுதி, விலகும் இணைப்பு இருப்பதும் அங்கேதான். அது தெரியாவிட்டால் மறுபடியும் ஸ்பேம் பொத்தான்தான். ஆகவே மடலுக்கு மூன்று நான்கு வடிவம் போதும், விவரம் தளத்தில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் நீங்களே கைபேசியில், மறைமுகச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் பதிந்து பாருங்கள். வந்த கடிதத்தை ஜிமெயிலில் கணினி வழியே திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'அசலைக் காட்டு' என்பதை அழுத்தினால், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' இருக்க வேண்டும்.

கையில் உள்ள 180 முகவரிகளை அப்படியே புதுப் பட்டியலில் ஏற்றாதீர்கள். அவர்கள் கேட்டது விலை, மடல் அல்ல. ஜிமெயிலிலிருந்தே, நாளுக்கு இருபது முப்பது பேராக, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு சின்னக் கடிதம் எழுதுங்கள். அவர் விசாரித்த வடிவத்தின் பெயரைச் சொல்லி, மாதம் ஒரு மடல் வேண்டுமானால் இந்தப் பக்கத்தில் பதிந்துகொள்ளுங்கள் என்று இணைப்பைக் கொடுங்கள். பதியாதவர்களுக்கு மறுபடி எழுத வேண்டாம்.