பழைய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள்: கேள்வி பதில்

அண்ணா, என்னிடம் இருக்கும், ரோபோவாக மாறும் சைட்ஸ்வைப் காரில் 1984க்கு முந்தைய வருடம் பொறித்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வந்ததே 1984இல்தானே? இது போலியா?

இல்லை தம்பி, பயப்படாதீர்கள். ஜப்பானில் தகாரா நிறுவனம் 1980இலேயே டயாக்ளோன் என்ற வரிசையைத் தொடங்கிவிட்டது. அமெரிக்கப் பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அந்தப் பொம்மைகளை வாங்கி, புதுப் பெயரும் கதையும் கொடுத்து 1984இல் அமெரிக்காவில் விற்றது. பிளாஸ்டிக்கை வார்க்கும் அச்சில் பழைய ஆண்டு அப்படியே இருந்துவிட்டது.

காரை நன்றாக உற்றுப் பாருங்கள். உள்ளே ஓட்டுநர் இருக்கை இருக்கும். தானே ரோபோவாக மாறும் காருக்கு ஓட்டுநர் எதற்கு? டயாக்ளோனில் காலில் காந்தம் வைத்த குட்டி மனிதர்கள் அதில் உட்காருவார்கள். ஆள் போய்விட்டார், இருக்கை மட்டும் தங்கிவிட்டது. எனக்கு இந்தப் பொம்மைகளில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

சார், ஒரே ஆப்டிமஸ் பிரைம் பொம்மையில் சிலவற்றில் கறுப்புச் சதுர ஸ்டிக்கர் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஏன்?

விரலால் தேய்த்தால் சூட்டில், ரோபோ எந்த அணி என்று காட்டும் சின்னம் தெரியும் ஸ்டிக்கர் அது. 1985இல்தான் சேர்த்தார்கள். அது இல்லாததாலேயே பொம்மையைப் போலி என்று ஒதுக்காதீர்கள், 1984ஆம் வருடத்து முதல் தயாரிப்பாகவும் இருக்கலாம். ஆனால் யாராவது உரித்திருந்தால் பசைத் தடம் தெரியும். அதையும் பாருங்கள்.

என் வெள்ளை ஜெட்ஃபயர் பொம்மை மஞ்சளாகிவிட்டது. வெளுக்க வைக்க முடியுமா?

முடியும், ஆனால் அவசரப்படாதீர்கள். என்னுடைய ஜெட்ஃபயர் வந்தபோது பழைய தந்தம் மாதிரி இருந்தது. கையை மடக்கி விரித்தேன். வெளிச்சமே படாத உள்பக்கம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வெயிலும் வெளிச்சமும் பட்ட இடமெல்லாம் மஞ்சள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி, புற ஊதா வெளிச்சத்தில் வைத்தால் நிறம் திரும்பும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணையும் காத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர், குரோம் பூச்சு, இரும்பு ஸ்க்ரூ எதிலும் அது படக்கூடாது. நாளாவட்டத்தில் மஞ்சள் திரும்பி வரலாம். அதனால் நான் என்னுடையதை அப்படியே விட்டுவிட்டேன். அலமாரியை மட்டும் ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தேன்.

பிளாக் ஜராக் பொம்மை ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. வாங்கலாமா அண்ணா?

வாங்கலாம், ஆனால் வந்தவுடன் உருமாற்றிப் பார்க்காதீர்கள். 1988இல் ஜப்பானில் வந்த அந்தப் பொம்மையில், தங்கத்தூள் கலந்தது போல மினுமினுக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கும். அந்த வகைப் பிளாஸ்டிக் வருடம் ஏற ஏறப் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். பெட்டிக்குள்ளேயே கிடந்ததும் தப்புவதில்லை. விற்பவரிடம் அந்தப் பாகங்களை மட்டும் நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

மூட்டு தளர்ந்து கை தொங்குகிறது.

ஸ்க்ரூவை முறுக்காதீர்கள், பிளாஸ்டிக் பிளந்துவிடும். மூட்டைக் கழற்ற முடிந்தால், உருண்டையில் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாக ஒரு பூச்சு தடவி, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

பழைய மெகட்ரானை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

யோசித்துச் செய்யுங்கள். அது வால்தர் பி38 கைத்துப்பாக்கியாகவே மாறும் பொம்மை. சுங்கத்தில் துப்பாக்கி என்று நிறுத்திவிட்டால் பணமும் போகும், பொம்மையும் போகும். முதலில் சுங்க விதியை விசாரியுங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள்.