கடல் காயமும் இதயமும்: கடலோர ஊர்க்காரர்களின் கேள்விகளும் டாக்டரின் பதில்களும்

பாம்பன்: டாக்டர், அப்பாவுக்குத் திருக்கை முள் குத்தி செப்சிஸ் ஆகிவிட்டது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை, ஆனால் எக்கோ ஸ்கேனில் இதயம் பலவீனம் என்கிறார்கள். கிருமி இதயத்துக்குள் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை தம்பி. செப்சிஸ் என்பது கிருமியோடு மோதும் உடலின் எதிர்ப்பு சக்தியே எல்லை மீறி உறுப்புகளைக் கெடுப்பது. கிருமியின் மேலுறைப் பொருளை நம் செல்லில் உள்ள டிஎல்ஆர்4 என்ற உணர்வி பிடித்ததும் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 என்று அபாயச் செய்திகள் கிளம்பும். அவை அளவு மீறினால் இதயத் தசை செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகும், கால்சியம் ஓட்டம் தடுமாறும், துடிப்பு தளரும். செல்கள் பெரும்பாலும் சாவதில்லை. அதனால்தான் பிழைத்தவர்களில் பலருக்கு 7 முதல் 10 நாளில் இதயம் தேறுகிறது.

காப்பாற்றுவதும் இதே எதிர்ப்பு சக்திதான். இதயத்திலேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள், தசை செல் வெளியே தள்ளும் பழுதான மைட்டோகாண்ட்ரியாவை விழுங்கிவிடும். ஐஸ் பெட்டியில் கிடக்கும் அழுகல் மீனை உடனே எடுத்தால்தானே மற்றது தப்பும்? அந்த வேலைக்கு டிரெம்2 என்ற உணர்வி வேண்டும். அது இல்லாத எலிகளுக்கு இதயம் இன்னும் மோசமானதாக 2023-ல் ஓர் ஆய்வு காட்டியது.

கீழக்கரை: அப்போ டிஎன்எஃபை மருந்தால் அடக்கிவிடலாமே?

செய்து பார்த்தார்கள். 1996-ல் வந்த ஆய்வில், அப்படி அடக்கும் மருந்தை அதிக அளவில் பெற்றவர்களிடம் சாவு கூடியது.

கீழக்கரை: மூட்டு வாதத்துக்குக் கொடுக்கிறார்களே காக்கா?

அங்கே எதிரில் கிருமி இல்லை. செப்சிஸில் அது உயிரோடு நிற்கிறது.

தொண்டி: ஸ்டீராய்டும் அடக்குவதுதானே? கீழக்கரைக்காரர் கேட்பது நியாயம்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற அந்த ஸ்டீராய்டு எல்லாருக்கும் இல்லை. ரத்த அழுத்தத்தைத் தூக்கும் நார்அட்ரினலின் மருந்து ஏறிக்கொண்டிருந்தும் அழுத்தம் நிற்காதவர்களுக்கு, அளவோடு. முதல் மருந்து ஆன்டிபயாடிக்தான். ரத்த அழுத்தம் சரிந்த அதிர்ச்சி நிலையில் ஒரு மணி நேரத்துக்குள்.

தங்கச்சிமடம்: முள் குத்திய இடத்தில் சுண்ணாம்பு வைக்கலாமா?

வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். வலிக்கு, கை தாங்கும் சூட்டில் வெந்நீர்.

ஏர்வாடி: காபித்தூள்?

வேண்டாம். மஞ்சளும் வேண்டாம். இனி இதைக் கேட்காதீர்கள்.

ராமேஸ்வரம்: கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தலாமா?

எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்.

மண்டபம்: பாசி எடுக்கிறேன். பாறை விரலைக் கிழிக்கிறது. சர்க்கரையும் உண்டு.

தாயி, உங்களைப் போல ஓர் அக்காவின் விரல் துணியை நான் பிரித்தபோது நகக்கண் வெளுத்து ஊறிப்போயிருந்தது, ஓரத்தில் கருஞ்சிவப்புக் கொப்புளம். ஈரத்துணியோடு இருக்காதீர்கள். சர்க்கரை, ஈரல் நோய் உள்ளவர்களைக் கடல்நீரின் விப்ரியோ கிருமி ஒரே நாளில் சாய்த்துவிடும். காயம் வீங்கிக் காய்ச்சலோடு நடுக்கம், மூச்சிரைப்பு, பேச்சுக் குழப்பம், சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கடலில் பட்ட காயம் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.