புது நெட்வொர்க் கார்டு போட்டும் ஃப்ரீபிஎஸ்டியில் இணையம் வரவில்லை, என்ன செய்வது?

கேட்டவர் அம்பாசமுத்திரத்துக்காரர். இடியில் மதர்போர்டின் லேன் போர்ட் போய்விட்டது. திருநெல்வேலி ஜங்ஷனில் 2.5 ஜிகாபிட் கார்டு வாங்கிச் செருகியும் ஃப்ரீபிஎஸ்டி 14 (லினக்ஸ் போன்ற ஓர் இலவச இயங்குதளம்) அதைக் கண்டுகொள்ளவில்லை. கார்டைத் திருப்பிக் கொடுப்பதா, லினக்ஸுக்கு மாறுவதா என்று கேட்கிறார்.

அவசரப்பட்டு இரண்டையும் செய்யாதீர்கள். முதலில் கார்டில் இருக்கும் சிப் எது என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் பெயரை நம்பிப் பயனில்லை. பத்து கம்பெனிப் பெயரில் ஒரே சிப் விற்கிறார்கள். ‘பிசிஐகான்ஃப் -எல்வி’ என்று கட்டளை கொடுங்கள் (கட்டளைகளை ஒலிப்புப்படி எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்து). வரும் பட்டியலில் ‘ஈதர்நெட்’ என்று முடியும் பகுதியைத் தேடுங்கள். வென்டர் (தயாரிப்பாளர்) எண் 8086 என்றால் இன்டெல், கவலையே இல்லை. ரியல்டெக் என்று வந்து, டிவைஸ் எண் 8168 ஆக இருந்தால் ஃப்ரீபிஎஸ்டியோடு வரும் ‘ஆர்இ’ டிரைவரே (கார்டை இயக்கும் மென்பொருள்) போதும். 8125 என்றால்தான் சிக்கல். அதுதான் 2.5 ஜிகாபிட் சிப். 14இல் உள்ள ஆர்இ டிரைவருக்கு அதைத் தெரியாது. அந்தப் பகுதியின் தொடக்கத்தில் ‘நன்0’ என்று இருக்கும்: கார்டைப் பார்த்துவிட்டேன், ஓட்ட ஆள் இல்லை என்று கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சொல்கிறது. உங்களுடையது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதற்கு ‘ரியல்டெக்-ஆர்இ-கேமாட்’ என்ற பேக்கேஜ் இருக்கிறது. இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது? கைபேசி இருக்கிறதே. ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங்கைப் (போனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்வது) போடுங்கள். ‘கேஎல்டிலோட் இஃப்_யுஆர்என்டிஐஎஸ்’ கொடுத்தால் பெரும்பாலும் ‘யுஇ0’ என்ற இடைமுகம் தோன்றும்; பிறகு ‘டிஹெச்கிளையன்ட் யுஇ0’. கணினியில் இணையம் வந்துவிடும். பேக்கேஜை நிறுவி முடித்ததும், லோடர்.கான்ஃப் கோப்பில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிகள் திரையிலேயே வரும். இரண்டையும் சேருங்கள். முதல் வரி மாட்யூலை, அதாவது புது டிரைவரை, ஏற்றச் சொல்கிறது; இரண்டாவது வரி அது எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. அதை விட்டுவிட்டால் கெர்னலோடு வந்த பழைய டிரைவரே முன்னால் வந்து நிற்கும், கார்டு அசையாது. பலர் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்து லினக்ஸுக்குப் போகிறார்கள்.

மறுதொடக்கம் செய்தபின் ‘இஃப்கான்ஃபிக்’ கொடுத்தால் ‘ஆர்இ0’ தெரிய வேண்டும். லினக்ஸ் பழகியவர்கள் இங்கே ‘ஈத்0’ என்று தேடுவார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் பொதுவாக டிரைவரின் பெயரே இடைமுகத்தின் பெயர். ‘ஸ்டேட்டஸ்: நோ கேரியர்’ என்றிருந்தால் கேபிளையும் மோடத்தையும் பாருங்கள், டிரைவரைக் குறை சொல்ல வேண்டாம். ‘ஆக்டிவ்’ என்றால் ஆர்சி.கான்ஃப் கோப்பில் ஆர்இ0க்கு டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாக வாங்கும் முறை) என்று எழுதிவிடுங்கள், வேலை முடிந்தது. ஃப்ரீபிஎஸ்டியைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போதெல்லாம் இந்த மாட்யூலையும் கூடவே புதுப்பிக்க மறக்காதீர்கள்.

இடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் மதினி வீட்டுக் கணினியைத் திறந்தபோது, லேன் போர்ட்டுக்குப் பின்னாலிருந்த கறுப்புச் சிப்பின் நடுவில் கடுகளவு பொத்தல் விழுந்திருந்தது. “கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதே, நெட் மட்டும் எப்படிப் போகும் தம்பி?” என்று கேட்டார். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது எங்கள் பக்கம் டிவி பிளக்கைக் கழற்றுவார்கள். மோடத்திலிருந்து வரும் கேபிளை அப்படியே விட்டுவிடுவார்கள். ஃபைபர் வந்துவிட்டதே என்று தைரியமாக இருக்காதீர்கள். ஃபைபர் மோடத்தோடு முடிந்துவிடுகிறது. அங்கிருந்து கணினிக்கு வருவது செம்புக் கம்பிதான். மோடத்தின் மின் அடாப்டர் வழியாக ஏறும் மின்னழுத்தம் அந்தக் கம்பியில் பாயும். மேகம் கறுத்ததும் அந்தக் கேபிளையும் உருவிவிடுங்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பழைய லேன் போர்ட்டை முடக்கியும் வையுங்கள். பாதி செத்த சிப் கணினி தொடங்கும்போது இழுத்துப் பிடிக்கலாம்.

கார்டைக் கழற்றி வேறு ஸ்லாட்டில் செருகிய பிறகும் பிசிஐகான்ஃப் பட்டியலில் அது வரவே இல்லை என்றால், அப்போது கடை அண்ணாச்சியிடம் எடுத்துப் போய் மாற்றிக் கேளுங்கள்.