கத்தரிக்கோல் ஆறு போதும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எங்கள் ஊர் வாசகசாலை சார்பில் வருகிற மே மாதம் பிள்ளைகளுக்கு ஐந்து நாள் ஆங்கில முகாம் நடத்தவிருக்கிறோம். நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை முப்பது பேர். பாதிப்பேர் அரசுப் பள்ளியில் தமிழ்வழி, மீதிப்பேர் ஆங்கிலவழி. பாடப்புத்தகத்தைத் தொடாமல் முகமூடி, காகிதப் பொம்மை, களிமண், பட்டம், ஒருநாள் மாத்தூர் தொட்டிப்பாலம் (ஆற்றுக்கு மேலே கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் பாலம்) என்று எல்லாமே கையால் செய்கிற, கண்ணால் பார்க்கிற வேலைகளாகத் திட்டமிட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆங்கிலம் வருமா என்பதுதான் கவலை. தன்னார்வலர்களான எங்களுக்கே ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த அபராதத்தைத் தூக்கிப் போடுங்கள். ஐந்து ரூபாய் இல்லாத பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இருக்கிற பிள்ளை காசை வைத்துவிட்டுத் தமிழில் பேசும். இரண்டு வழியிலும் உங்களுக்கு ஆங்கிலம் கிடைக்கப்போவதில்லை. விளையாட்டின் விதியைத் தமிழில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டால் மீதி நேரம் ஆங்கிலத்துக்கு மிச்சம். அதையே ஆங்கிலத்தில் கால்மணி நேரம் விளக்கி, யாருக்கும் புரியாமல் எல்லோரும் தலையாட்டுவதை நான் பல முகாம்களில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் பட்டியல் அழகாக இருக்கிறது. ஆனால் அதில் ஆங்கிலம் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. அட்டை, பசை, வண்ணம், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு பிள்ளையின் முன்னால் வைத்து முகமூடி செய் என்றால் அது எந்த மொழியிலும் பேசவேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் முப்பது முகமூடிகள் தயார். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடலாம், பெற்றோர் கைதட்டுவார்கள். அவ்வளவுதான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஆங்கிலத்தை எடுத்துவிட்டால் இந்த வேலை நின்றுபோகுமா? நிற்காது என்றால் அது நல்ல கைவேலை. ஆங்கில முகாமில் அதற்கு இடமில்லை.

நிற்கச் செய்வதற்குப் பற்றாக்குறை ஒன்றே வழி. முப்பது கத்தரிக்கோல் வாங்கத் திட்டமிட்டிருப்பீர்கள். ஆறு போதும். ஐவர் ஐவராக ஆறு குழு. கத்தரிக்கோல் முழுவதும் ஒரு குழுவிடம், பசை இன்னொரு குழுவிடம், சிவப்புத் தாள் ஒன்றிடம், மஞ்சள் ஒன்றிடம், நூல் ஒன்றிடம், அட்டை ஒன்றிடம். குழுவுக்கு ஒருவர் கடைக்காரர். மற்றவர்கள் வேண்டியதைப் போய்க் கேட்டு வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். “கேன் ஐ ஹேவ் டூ ரெட் ஷீட்ஸ், ப்ளீஸ்?” என்று கேட்காதவருக்குத் தாள் கிடையாது. முகமூடி முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாக்கியத்தைப் பல தடவை சொல்லியிருக்கும். வகுப்பில் பத்து முறை சொல் என்றால் மூன்றாம் முறையே கொட்டாவி வரும். இங்கே தாள் வேண்டும், அதனால் சொல்கிறது.

இதற்கு வெளிநாட்டு ஆராய்ச்சி எதையும் காட்டவேண்டியதில்லை. கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். மலையாளத்தில் ஒரு வரி எழுதத் தெரியாது, யாரும் வகுப்பெடுத்ததும் இல்லை. எல்லைக்கு அந்தப்புறம் பாறசாலையில் இருக்கும் சித்தி மகனோடு பந்து விளையாட மலையாளம் வேண்டியிருக்கிறது, பேசுகிறார்கள். ஆங்கிலம் மட்டும் நம் குமரி மாவட்டத்தில் எப்போதும் பள்ளிக்கூடத்துச் சரக்காகவே இருந்துவிட்டது. பள்ளிக்கூடம் தொடங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே நம் மயிலாடிக்கு வந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம்மிடம் பள்ளிகளுக்கும் மதிப்பெண்களுக்கும் குறைவில்லை. கடையில் ஒரு பொருளை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னால்தான் கால் தரையைக் கீறுகிறது.

களிமண்ணை அரைநாளாகச் சுருக்குங்கள். பட்டம் மே மாத வெயிலுக்கு வேண்டவே வேண்டாம். அந்த இடத்தில் வாழைப்பழத்தை வையுங்கள். நம் ஊரைப்போல் இத்தனை வகை ஒரே பெட்டிக்கடையில் தொங்குகிற ஊர் குறைவு. மட்டி, ஏத்தன், ரசகதலி, செந்துளுவன் நான்கும் வாங்குங்கள். ஒரு துணிப்பைக்குள் ஒரு பழத்தைப் போட்டு, ஒரு பிள்ளை கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கட்டும். பெயரைச் சொல்லக் கூடாது. நீளம், பருமன், தோல், வேண்டுமானால் பைக்குள் மூக்கை விட்டு மணம், இவற்றை மட்டுமே சொல்லலாம். சுற்றி இருப்பவர்கள் கேள்வி கேட்க வேண்டும். “இஸ் இட் லாங்கர் தேன் மட்டி?” “இஸ் த ஸ்கின் தின்?” செந்துளுவன் வந்தால்தான் வேடிக்கை. சிவப்பைக் கையால் தடவி அறிய முடியாது. ஆகவே பருமனை வைத்தே சமாளிக்க வேண்டும். மட்டியை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் புவிசார் குறியீடு 2023இல்தான் வந்தது, மணம் எங்கள் பாட்டி காலத்திலேயே இருந்தது. சரியாகச் சொன்னவருக்கே பழம். பாடநூல் ஒரு பக்கம் முழுக்க விளக்குகிற ஒப்பீட்டு இலக்கணம் அரைமணி நேரத்தில் நாக்கில் ஏறிவிடும், இலக்கணம் என்ற பேச்சே எழாமல்.

முதல் நாள் காலையில் ஒவ்வொருவரையும் எழுப்பி “மை நேம் இஸ்” சொல்லவைக்கும் சடங்கு இருக்கிறதே, அதை ரத்து செய்யுங்கள். ஆங்கிலவழிப் பிள்ளைகள் பளபளவென்று ஒப்பிப்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை ஒன்று திக்கும், யாரோ சிரிப்பார்கள், ஐந்து நாளும் அந்தப் பிள்ளை கடைசி வரிசையை விட்டு வராது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் ஒரு முறையை வகுத்தார். ஆசிரியர் கட்டளை சொல்வார், கற்பவர் பேசாமல் உடலால் செய்து காட்டினால் போதும். பேச்சு தானாக வரும்போது வரட்டும். முதல் நாள் முழுக்க அதுவே நடக்கட்டும். முற்றத்தில் சாக்பீஸால் மாவட்டத்தை வரைந்து ஆறு தாலுகாக்களையும் பிரியுங்கள். “ஜம்ப் டு தோவாளை.” “வாக் பேக்வர்ட்ஸ் டு கிள்ளியூர்.” மறுநாள் கட்டளையிடும் வேலையைப் பிள்ளைகளே பிடுங்கிக்கொள்வார்கள்.

இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஜோடி சேர்க்கும்போது ஒரு தந்திரம் உண்டு. சரளமாகப் பேசுகிறவரிடம் படத்தைக் கொடுங்கள், தயங்குகிறவரிடம் பென்சிலைக் கொடுங்கள். முதுகோடு முதுகாக உட்கார வேண்டும். ஒருவர் படத்தை விவரிக்க, மற்றவர் வரைய வேண்டும். பென்சில் வைத்திருப்பவருக்கு “லெஃப்ட் ஆர் ரைட்?”, “பிக் ஆர் ஸ்மால்?” என்கிற இரண்டே கேள்விகள் போதும். படம் கோணினால் பழி விவரித்தவர் தலையில்தான் விழும்.

தொட்டிப்பாலத்துக்கும் இதே கணக்கு. பஸ்ஸில் ஜோடிக்கு இரண்டு அட்டைகள். ஒன்றில் உயரம் 115 அடி என்றிருக்கும், கட்டிய ஆண்டு காலியாக இருக்கும். மற்றதில் ஆண்டு 1966 என்றிருக்கும், உயரம் காலி. அட்டையைக் காட்டாமல் கேட்டு நிரப்ப வேண்டும். தூண்கள் எத்தனை என்பது இரண்டிலுமே காலியாக இருக்கட்டும். படியிறங்கிப் பரளியாற்றங்கரையில் நின்று எண்ணட்டும். ஆளுக்கொரு கணக்கு வரும், சண்டையை ஆங்கிலத்தில் போடச் சொல்லுங்கள். பாலத்தின் மேல் நடக்கும்போது மட்டும் எந்த விளையாட்டும் வேண்டாம், வரிசையாக நடந்தால் போதும்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நாளொன்றுக்கு வேண்டியவை பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள். முந்தைய இரவே எல்லாத் தன்னார்வலரும் உட்கார்ந்து அவற்றை எழுதி, ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்து, எல்லோரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால்தான் பிள்ளைகள் குழம்புவார்கள். பிள்ளை “ஐ வான்ட் சிசர்” என்றால் பிடித்து நிறுத்தித் திருத்த வேண்டாம். “யூ வான்ட் த சிசர்ஸ்? ஹியர் யூ ஆர்” என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். சரியான வாக்கியம் கத்தரிக்கோலோடு கைக்குப் போய்விடும்.

நிறைவு விழாவில் பாட்டும் ஒப்பித்தலும் வேண்டாம். பெற்றோரை உட்காரவைத்து ஆளுக்கொரு செய்தித்தாள் கொடுங்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் கட்டளையிட, பெற்றோர் தொப்பி மடிக்கட்டும். அப்பா தப்பாக மடித்தால் பிள்ளை “நோ, ஃபோல்ட் இட் அகெய்ன்” என்று சொல்லியே தீரவேண்டும். சிறப்பு விருந்தினர் யாரும் வந்தால் அவர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிடுங்கள். உரை சீக்கிரம் முடியும்.

அன்புடன்,
அண்ணாச்சி