அப்பாவுக்கு ஹண்டிங்டன் (மூளை செல்லை மெல்ல அழிக்கற பரம்பரை நோய்), அந்த வாட்ஸ்அப் நியூஸை நம்பலாமான்னு கேட்டிருந்த தம்பிக்கு

தம்பி, அப்பா ரிப்போர்ட்ல சிஏஜி 43 (நோயை உண்டாக்கற ஜீன்ல சிஏஜிங்கற டிஎன்ஏ எழுத்துங்க எத்தனை தடவை திரும்பத் திரும்ப வருதுங்கற எண்ணிக்கை), மருந்து வந்தாச்சுங்கறாங்களே, நானும் டெஸ்ட் எடுக்கவான்னு கேட்டிருக்கீங்க. இந்த நோய் வந்த எங்க மாமாவும் காபி டம்ளரை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சும் சிந்திடுவாரு, அதனால உங்க பதட்டம் புரியுது.

நியூஸ் பொய்யில்ல, ஆனா குணமாக்கற மருந்துன்னு எடுத்துக்காதீங்க. ஏஎம்டி-130ங்கற ஜீன் தெரபிய (நோயை உண்டாக்கற ஜீனோட வேலையைக் குறைக்கற சிகிச்சை) மண்டைல சின்ன துளை போட்டு மூளைக்குள்ளயே ஒரே தடவை செலுத்துறாங்க, ஹை டோஸ் எடுத்தவங்களுக்கு 3 வருஷத்துல நோய் முத்துற வேகம் 75% குறைஞ்சதா 2025 செப்டம்பர்ல யூனிக்யூர் கம்பெனி சொல்லுச்சு, ஆனா அந்த டோஸ்ல 3 வருஷம் முடிச்சவங்க 12 பேர்தான், ஒப்பிட்டதும் ட்ரையலுக்கு வெளிய இருந்த நோயாளிங்களோட, அதான் நவம்பர்ல அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ, அனுமதி கேக்க இது பத்தாதுன்னு சொன்னதா கம்பெனியே அறிவிச்சுது.

எனக்கு அதைவிட நம்பிக்கை குடுத்தது 2025 ஜனவரில வந்த ஆய்வு. பிறக்கும்போது இருக்கற அந்த சிஏஜி நம்பர் சில மூளை செல்லுக்குள்ள மட்டும் வருஷக்கணக்கா மெதுவா நீண்டு, 150ஐத் தாண்டுனப்புறம்தான் செல்லைக் கெடுக்குதாம், அப்ப அந்த நீள்றதையே தடுக்க வழி தேடலாம்ல!

உங்களுக்கு வர்ற வாய்ப்பு 50%. தனியா லேப்ல போய் ரத்தம் குடுத்துடாதீங்க, முதல்ல பரம்பரை நோய், டெஸ்ட் பத்தி ஆலோசனை சொல்ற ஜெனடிக் கவுன்சிலர்கிட்ட உக்காந்து பேசுங்க, தெரிஞ்சுக்க வேணாம்னு தோணினா அதுவும் உங்க முடிவுதான்.